பத்து மில்லிமீட்டர் பொய்

அதிகாரி என் புகைப்படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"பிரமாதமா எடுத்திருக்கீங்க மேடம்" என்றார்.

நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வரும் வழியெல்லாம் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"ரோடும் பிரமாதமா இருக்கு. இதுல லாரியே போகுமே! ஆம்புலன்ஸ் வரலன்னு மனு குடுத்திருக்கீங்க?"

என் பக்கத்தில் அற்புதம் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலனியில் வசிப்பவள். நடவு, களை என்று கழனி வேலைக்குப் போவாள். அது இல்லாத நாளில் சித்தாள் வேலை. மனு அவளுடையது, படம் என்னுடையது. அவள் கழுத்தை நீட்டி மேஜைமேல் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அதிகாரி படத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு, மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதித் திருப்பித் தந்தார். வெளியே வந்து படித்தேன். இணைக்கப்பட்ட புகைப்படத்தின்படி பாதை போதிய அகலத்துடன் காணப்படுகிறது என்று எழுதியிருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை என் ஸ்கூட்டியாலும், என் சமையலாலும், என் பாட்டாலும் நான் பட்ட அவமானங்களைச் சொல்லியாயிற்று. அவையெல்லாம் என்னோடு போயின. இந்த வாரம் சொல்லப்போவது அப்படிப் போகவில்லை.

உலகம் முழுதும் வேண்டும்

அந்த லென்ஸ் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் உத்திரமேரூரில் கணக்கு டீச்சர். என் கணவர் நடேசனுக்குப் பஜாரில் விதை, உரக்கடை. கார்த்திகைப் பட்டம், தைப் பட்டம் என்று வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு பட்டம் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மகள் வேலைக்கென்று கோயம்புத்தூர் போனபிறகு, லீவு விட்டால் நான் தனியாகக் கிளம்ப ஆரம்பித்தேன். மகள் தன் பழைய கேமராவை எனக்குத் தள்ளிவிட்டாள். அதில் ஒரு சாதாரண லென்ஸ் இருந்தது. அதுவே போதும் என்று இருந்திருந்தால் இந்த வாரம் எழுத எதுவும் இருந்திருக்காது.

மொபைலில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். பயணத்துக்கு வைட் ஆங்கிள் ஜூம் இல்லாமல் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம் என்றார்கள். சொன்னவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு மலை உச்சியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் மூட்டுவலி இருப்பதாகத் தெரியவில்லை.

லென்ஸின் மேல் ஒரு எண் இருக்கும். அது குறையக் குறைய, படத்துக்குள் வரும் உலகம் கூடும். இது தெரிந்ததும் எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டாள். கோடு போட்ட நோட்டில் அட்டவணை போட்டேன். எடை, கை நடுங்கினால் தாங்குமா, மங்கல் வெளிச்சத்தில் எடுக்குமா, கைப்பையில் அடங்குமா. கடைசியில் இரண்டு லென்ஸ்கள் மிஞ்சின. ஒன்று பன்னிரண்டு மில்லிமீட்டரில் தொடங்கும், மற்றது பத்தில். பத்தை வாங்கினால் இன்னும் கொஞ்சம் உலகம் கூடுதலாகக் கிடைக்கும் என்று முடிவு செய்தேன். தேங்காயும் இப்படித்தான் வாங்குவேன், கையில் எடுத்துப் பார்த்துப் பெரியதாக.

சென்னையில் ஒரு கடை. விற்பனையாளர் பொறுமையானவர்.

"என்ன எடுப்பீங்க மேடம்? மலையா, கட்டடமா, ஆளுங்களா?"

"எல்லாம்."

"அப்படின்னா கிட்டப் போய் எடுக்கணும். இது எல்லாத்தையும் தூரமாக்கிடும். பக்கத்துல இருக்கறது பெருசாத் தெரியும், கொஞ்சம் தள்ளி இருந்தா சிறுத்துடும்."

தலையாட்டினேன். அந்தச் சமயம் நான் அந்தக் கண்ணாடியின் வளைவில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்பும் தூசியும்

முதல் பயணம் ஹம்பிக்கு. ஆனை ஆனையாகப் பாறைகள். வீடு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் எல்லாம் புளியங்கொட்டை. படத்தில் முக்கால்வாசி வானம், மிச்சத்தில் பாதி தரை. தரையின் இந்தக் கோடியில் ஏதோ பழுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இது இன்னா, அந்தக் காலத்துக் கல்லா?" என்று கேட்டார் என் கணவர்.

என் செருப்பு. மூன்று படத்துக்கு ஒன்றில் அது இருந்தது. அவ்வளவு அகலமாகப் பார்க்கும் லென்ஸ், எடுப்பவள் காலையும் பார்த்துவிடுகிறது.

அடுத்தது வேடந்தாங்கல். பறவைக்கு நீள லென்ஸ் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் புது லென்ஸைக் கழற்ற மனம் வரவில்லை. கரையில் வாழைத்தண்டு நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்த ஒருவர், என் கேமராவின் திரையை எட்டிப் பார்த்து அக்கறையாகச் சொன்னார்.

"சென்ஸார்ல ரொம்பத் தூசி இருக்கு மேடம். கிளீன் பண்ணிடுங்க."

அது தூசி இல்லை. நத்தைகுத்தி நாரைகள்.

போன மாதம் ஒரு வாசகி, பயணத்துக்கு இப்படி ஒரு லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். தாராளமாக வாங்கலாம் அம்மா. சின்ன அறை, குறுகலான பிராகாரம், பின்னால் நகர இடமில்லாத இடம், இங்கெல்லாம் அது தெய்வம். கேமராவை நேராகப் பிடியுங்கள். அண்ணாந்தால் கோபுரம் மல்லாக்க விழும். திருப்புலிவனத்துக் கோயிலை நான் அப்படி எடுத்து வந்ததைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன்னால் ஒரு பொருளை வைத்துக்கொண்டு எடுங்கள், படத்துக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும். ஜூம் வளையம் இரண்டு பக்கமும் திரும்பும் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் ஒரு வருஷம் மறந்திருந்தேன்.

முக்கியமாக, ஆட்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள்.

ஓரகத்தி ஓரத்தில்

என் கணவரின் அண்ணன் கன்னியப்பன். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஊரில் பெரிய குடும்பஸ்தர், நிலம், மாடு எல்லாம் அவர் பார்வையில். அவர் மனைவி சரோஜா, என் ஓரகத்தி.

அவர்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் எல்லோரையும் ஒரே படத்தில் அடக்குகிறேன் என்று சவால் விட்டேன். அடக்கியும் விட்டேன். நாற்பது பேர், பந்தல், வாழைமரம், பந்தலுக்கு வெளியே படுத்திருந்த நாய் வரைக்கும். சரோஜா அக்கா வலது கோடியில் நின்றிருந்தாள். இந்த லென்ஸ் கோடியில் நிற்பவர்களை வெளிப்பக்கமாக இழுத்துவிடும். படத்தில் அவள் ஒரு முகம் இரண்டு முகத்தின் இடத்தை அடைத்திருந்தது. கை, பூசணிக்காய்.

படம் வாட்ஸ்அப்பில் போனது. யாரோ சிரித்திருக்கிறார்கள்.

"வேணும்னே பண்ணிகிறா" என்று அக்கா சொன்னாளாம். மூன்று மாதம் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. நான் பத்து மில்லிமீட்டரைப் பற்றி விளக்கப் போனேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவள் எடையைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நூறு அடிப் பயணம்

இனி அற்புதத்தின் விஷயம்.

காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரே ஒரு வழி. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் கருங்கல் வேலி. அற்புதத்தின் மருமகளுக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் நின்றுவிட்டது. உள்ளே வர வழியில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மகன் ஒரு பக்கம் அற்புதம் ஒரு பக்கமாகத் தூக்கி வந்தார்கள். சுவர் முனையில் நாற்காலியின் கால் மாட்டிக்கொண்டது. நாற்காலி சாயாமல் இருக்க அற்புதம் தன் கையைச் சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் கொடுத்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிட்டது. குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் ஆம்புலன்ஸிலேயே பிறந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதன்பிறகுதான் காலனியில் மனு எழுதினார்கள். போட்டோவும் வேண்டும் என்று யாரோ சொல்ல, அற்புதம் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நீங்க பெரிய பெரிய ஊரெல்லாம் போட்டோ புடிக்கிறீங்களே. எங்க வழிய ஒண்ணு புடிச்சிக் குடுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் புகைப்படத்தை ஒருவர் கேட்டு வருவது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் போனேன். என் வீட்டுப் புழக்கடையிலிருந்து அந்த வழி நூறு அடி இருக்கும். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து இருபத்து நாலு வருஷம். ஹம்பி வரைக்கும் போய்வந்த எனக்கு, அந்த வழியில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கக்கூட இல்லை. வெயில் நன்றாக இருந்தது, அதைத்தான் கவனித்தேன்.

மஞ்சள் வெயில். நடுவில் ஒரு குட்டை நிறையத் தண்ணீர், அதில் வானம். வீடியோவில் சொல்லிக் கொடுத்தபடி, கேமராவைத் தரையோடு தரையாக வைத்தேன். பத்து மில்லிமீட்டர். சுவரும் வேலியும் இரண்டு கோடுகளாக ஓடித் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்ந்தன. கண்முன்னால் இருந்த மண் பாய் விரித்தாற்போல விரிந்தது. குட்டை ஏரியாயிற்று.

அந்த வழி எவ்வளவு அகலம் என்பதை நான் பார்க்கவே இல்லை. என் படம் எவ்வளவு அழகு என்பதைத்தான் பார்த்தேன். பளபளப்பான தாளில், பெரிய அளவில் பிரிண்ட் போட்டேன்.

அதைத்தான் அந்த அதிகாரி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் நானே அந்தப் பாதையில் பஸ் ரூட் கேட்டிருப்பேன்.

வேப்பமரத்தடி

அலுவலக வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நின்றோம். அற்புதத்துக்குப் படிக்கத் தெரியும். ஓரத்தில் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்கக் கூடாது."

"கேளு."

"அது உங்க வூட்டு செவுரு தான?"

இதை நான் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. அந்தக் காம்பவுண்டுச் சுவர் கன்னியப்பன் மாமாவுடையது. மாட்டுக்கொட்டாய்க்கும் வைக்கோல் போருக்கும் சேர்த்து இரண்டு வருஷம் முன்னால் எழுப்பியது. அது யார் சுவர் என்று எனக்குத் தெரியும். படம் எடுக்கும்போது ஞாபகம் வரவில்லை. என் பார்வையில் அது வெறும் கோடு.

"ஆமாம்" என்றேன்.

"அதான் வழிய இம்மாம் அகலமாக் காட்டிகிற." நீங்க போய் நீ வந்துவிட்டது. "செவுரு எட்டத்துல கீது, வழி தாராளமா கீதுன்னு ஆபீஸ்ல காட்டிட்ட. இனி எவன் வந்து அளப்பான்?"

"இல்ல அற்புதம், சத்தியமா இல்ல. அது லென்ஸ். அது வந்து, பக்கத்துல இருக்கறத..."

"எனக்கு லென்சும் தெரியாது, இன்னாவும் தெரியாது. இன்னிக்கி கூலிய வுட்டுட்டு உன்கூட வந்தேன்."

அவள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட்டு தள்ளி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையின் உள்பக்கத் தழும்பு அங்கிருந்தே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டார்.

"நான் வேணும்னு பண்ணதா நினைக்கிறாங்க. நீங்க நம்பறீங்களா?"

"நீ வேணும்னு பண்ணல. வேணும்னு பண்ற அளவுக்கு அந்த லென்சு இன்னும் உனக்குப் புடிபடல."

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் என் நேர்மைக்கு அவர் கொடுத்த ஒரே சான்றிதழ் அது. துரோகம் செய்யக்கூடக் கொஞ்சம் திறமை வேண்டும். என்னிடம் அது இல்லை என்பதால்தான் நான் நல்லவள்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "மறுபடி எடுத்தீனா அண்ணன் கம்முனு இருக்க மாட்டாரு. யோசிச்சிக்கோ."

"எடுக்க வேணாம்னு சொல்றீங்களா?"

"யோசிச்சிக்கோன்னுதான் சொன்னேன்" என்று கை கழுவப் போய்விட்டார்.

யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால், அற்புதத்தைப் பற்றி யோசித்ததைவிட மாமாவைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். அவர் வாய் பெரிது. எனக்கு அவரிடம் பயம் உண்டு. அக்கா ஏற்கெனவே பேசுவதில்லை. பொங்கலுக்கு அவர்கள் வீட்டில்தான் எல்லோரும் கூடுவோம்.

ஒன்று மட்டும் பிடிபட்டது. இதை அப்படியே விட்டால், வேண்டுமென்றே செய்தவளுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

அற்புதத்தின் கை

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து காலனி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு லென்ஸையும் எடுத்துக்கொண்டு போனேன். அற்புதம் வாசலில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"மறுபடி எடுத்துத் தர்றேன்" என்றேன்.

"இந்தத் தபா இன்னாவாக் காட்டப் போற? ஏரோப்ளேன் எறங்கற மாதிரியா?"

எனக்கு அங்கேயும் ஒரு தடுமாற்றம். அகல லென்ஸ் வழியைப் பெருக்கிக் காட்டும். பழைய லென்ஸை நீட்டி, தூரத்தில் நின்று எடுத்தால் நெருக்கிக் காட்டும். அதுவும் ஒரு பொய்தான், எதிர்ப்பக்கத்துப் பொய். எதில் எடுத்தால் உண்மையாக இருக்கும் என்று, லென்ஸை மாட்டுவதும் கழற்றுவதுமாக வழியில் நின்று முழித்தேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் நாற்காலியைத் தூக்கிவந்து, அன்றைக்குப் போலவே தூக்கிக் காட்டலாம் என்றார்.

"அத்தெல்லாம் நடிச்சிக் காட்ட முடியாது" என்று அற்புதம் அதட்டினாள்.

குழந்தையை மருமகளிடம் கொடுத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக வழியின் நடுவில் போய் நின்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள். இடது உள்ளங்கை மாமாவின் சுவரில் பதிந்தது. வலது உள்ளங்கை கருங்கல்லில் பதிந்தது.

"இப்ப எடு. எந்தக் கண்ணாடி போட்டாலும் என் கை என் கைதான? நீண்டுடப் போவுதா?"

விரித்த கையின் அளவு ஏறக்குறைய அந்த ஆளின் உயரத்துக்குச் சமம். இதை நான் வருஷா வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்து காட்டுகிறேன். அற்புதத்தின் உயரம் ஐந்தடி. அந்த வழியின் அகலமும் ஐந்தடி. கணக்கு முடிந்தது. போட்டது நான் இல்லை.

அந்த அகல லென்ஸையே மாட்டினேன். ஜூம் வளையத்தை மறுகோடிக்கு, பதினெட்டு மில்லிமீட்டருக்குத் திருப்பினேன். கண் மட்டத்தில் பிடித்து, அவளை நடுவில் வைத்து எடுத்தேன். வெயில் சரியில்லை. பின்னால் ஒரு கொடியில் துணி தொங்கிற்று. தழும்பு தெளிவாக விழுந்திருந்தது. அவள் முகத்தில் என் மேல் இருந்த கோபமும் அப்படியே விழுந்திருந்தது.

அதிகாரி இந்த முறை ஜன்னல் பக்கம் திருப்பவில்லை. ஒரு பார்வைதான். "இதுக்கும் அதுக்கும் ஒரே வழியா மேடம்?" என்று கேட்டார்.

"ஒரே வழிதான் சார். முதல் படம் என் தப்பு" என்றேன். அந்தப் பெரிய பளபளப்புப் படத்தைத் திருப்பிக் கேட்டேன். ஃபைலில் சேர்ந்துவிட்டது, தர முடியாது என்றார். இன்றும் அங்கேதான் இருக்கும். நான் எடுத்ததிலேயே அழகான படம்.

பத்தடி

செய்தி எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. மாமா எங்கள் வாசலில் நின்று கேட்டார். உள்ளே வரவில்லை.

"நம்ம வூட்டு செவுத்தப் படம் புடிச்சி ஆபீஸ்ல குடுத்தியாமே?"

"ஆமாம் மாமா."

"நீ எந்த வூட்டுக்கு வாழ வந்த?"

லென்ஸைப் பற்றி ஆரம்பித்தேன். பத்து மில்லிமீட்டர், பதினெட்டு மில்லிமீட்டர் என்று உளறினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இன்னா மில்லிமீட்டரோ. என் செவுரு எங்கியும் தாண்டல."

"அப்படின்னா அளக்கட்டும் மாமா. தாண்டலைன்னா தாண்டலைன்னே எழுதிடுவாங்க."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். என் கணவர் உள்ளே இருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். மாமா தம்பியைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சர்வேயர் வந்தார். எல்லைக் கல் தேடினார்கள், சங்கிலி பிடித்தார்கள். பழைய வரைபடத்தில் அந்த வழி பத்தடி. சுவர் ஐந்தடி வழிக்குள் வந்திருந்தது. மாமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். கொத்தனார் கயிறு போட்டபோது வைக்கோல் போருக்கு வசதியாக நகர்த்தியிருக்கிறான் என்றார். இருக்கலாம். நகர்த்தச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை.

நோட்டீஸ் வருவதற்கு முன்னாலேயே அவரே ஆள் வைத்து இடித்து, தன் இடத்துக்குள் தள்ளிக் கட்டினார். அந்த வேலைக்கு வந்த சித்தாள்களில் அற்புதமும் ஒருத்தி. செங்கல் சுமந்து போனவளை வழிமறித்தேன்.

"நீயா?"

"ஏன், கூலி கூலிதான? நானே செங்கல் எடுத்துக் குடுத்தா செவுரு எங்க நிக்கணும்னு பாத்துக்கலாம்ல" என்றாள். அவள் என்னோடு பேசினாள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

மாமா மட்டும் பேசவில்லை. எதிரே வந்தால் மாட்டைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார். அந்தப் பொங்கலுக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. என் கணவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பொங்கலன்று. வாங்க யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும். அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

வேன்

மே லீவில் அற்புதம் வந்தாள்.

"பாப்பாவுக்கு முடி எறக்க வேளாங்கண்ணி போறோம். வேன் பேசிக்கிறோம். ஊர் ஊரா தனியாப் போறியே, எங்ககூட வாயேன்."

காலை ஆறு மணிக்கு வேன் காலனிக்குள்ளேயே வந்தது. வாலாஜாபாத் வேன். முன்பக்கமாக உள்ளே வந்துவிட்டது, திரும்ப இடமில்லை, பின்னாலேயே எடுக்க வேண்டும். பதினைந்து பேர், இரண்டு மூட்டை, ஒரு குண்டான் புளிச்சாதம், ஒரு குழந்தை. எனக்கு மரியாதைக்கு டிரைவர் பக்கத்து ஜன்னல் சீட்டு கொடுத்தார்கள். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

டிரைவர் இரண்டு முறை பின்னால் எடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். "செவுத்துல இடிச்சிடும் போலகீது" என்றார். ஸ்டியரிங்கை ஆளாளுக்கு ஒரு பக்கம் ஒடிக்கச் சொன்னார்கள்.

அப்போது புதுச் சுவரின் அந்தப்பக்கம் கதவு திறந்தது. மாமா. பனியனும் லுங்கியும், வாயில் பிரஷ். சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்கிறார். வேனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிரஷைக் கையில் எடுத்துக்கொண்டு, வழியின் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

"வா... வா... லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. யோவ், செவுரு! செவுரு! ஆங், அப்டியே வா. எடம் கீது, தகிரியமா வா!"

பிரஷை ஆட்டி ஆட்டி, பின்னால் நடந்துகொண்டே, முழு வேனையும் மெயின் ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். சுவரில் ஒரு கீறல் விழவில்லை. அற்புதத்தின் மகன் மட்டும், "தேங்க்ஸ்ணா" என்றான்.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. என் ஜன்னலுக்கு வந்தார். நுரை வாயோரத்தில் அப்படியே இருந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, அறிவுகீதா? தலைய வெளிய நீட்டிக்கினு கீறியே, டிரைவருக்குக் கண்ணாடி தெரிய வேணாம்?"

"சரி மாமா" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.